யார் கொண்டுவந்தது? சாட்ஸ்வர்த்தில் ஒரு குடும்பம், 2021 ஜனவரி

கொரோனாவில் தாத்தா போன பிறகு அந்த வீட்டில் ஐந்து பேர். தாத்தாவின் சாவுக்குத் தாமே காரணம் என்று ஐந்து பேரும் தனித்தனியாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனத்தில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொள்ள ஆலோசகரான எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் நான் செய்த பிழைகளும் இதில் இருக்கின்றன. தொற்றுக் காலத்தில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த், 1960களில் உருவான ஊர். குழு வாழிடச் சட்டத்தைக் காட்டி, இன ஒதுக்கல் அரசு இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்து இங்கே குடியமர்த்தியது. ஆயா, அதாவது பாட்டி, பிறந்து வளர்ந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சியின் கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், நெருக்கியடித்து வாழ்ந்த வரிசை வீடுகள் அவை. அங்கிருந்து எல்லோரையும் பெயர்த்தபோது ஆயாவும் தாத்தாவும் புதிதாகக் கல்யாணமானவர்கள். சாட்ஸ்வர்த்தில் கிடைத்த இரட்டை வீட்டின் பின்முற்றத்தில் அன்றைக்கு இருந்த சிரிங்கா மரம் இன்றைக்கும் இருக்கிறது. சிரிங்கா வேம்புக்கு உறவு மரம். வேப்பிலை கிடைக்காத இடத்தில் அம்மனுக்கு இந்த இலையைத்தான் வைக்கிறார்கள்.

தாத்தாவுக்கு 81 வயது, ஆயாவுக்கு 78. மகன் துறைமுகத்துக்கு அருகில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். மருமகள் சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். மூத்தவள் 16 வயதுப் பேத்தி, இளையவன் ஒன்பது வயதுப் பேரன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயாவும் தாத்தாவும் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். மகனுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். பேரப்பிள்ளைகளிடம் மிஞ்சியிருப்பது உறவுப் பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் சாமி பெயர்களும். ஆயாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், கடைக்கும் கிளினிக்குக்கும் அது போதும். ஆனால் அறுபது வருடமாக அவர் கோபப்பட்டதும் கொஞ்சியதும் தமிழில், அதுவும் ஒரே ஒரு ஆளோடு. தாத்தா போனதும் அந்த வீட்டில் தமிழ் நின்றுபோனது. எங்கள் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. துக்கத்தில் இருக்கும் ஒரு ஆயாவோடு தமிழில் பேச ஒரு ஆலோசகரைத் தேடிப் பார்த்தால்தான் அந்த வரிக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும். என் ஆயா எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார், மாலை வகுப்பில் எழுத்துப் படித்தேன். அதனால்தான் இந்தக் குடும்பம் என்னிடம் வந்தது.

நடந்தது

தென்னாப்பிரிக்காவில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 5 அன்று எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில்தான் உறுதிசெய்யப்பட்டார். முதல் அலையை இந்தக் குடும்பம் கடந்துவிட்டது. இரண்டாம் அலை டிசம்பரில் எழுந்தது. பின்னாளில் பீட்டா என்று பெயர் பெற்ற திரிபைப் பற்றி டிசம்பர் 18 அன்று அறிவித்தார்கள். 28ஆம் தேதி இரவு அதிபர் தொலைக்காட்சியில் பேசினார். ஊரடங்கு கடுமையானது, மது விற்பனை நின்றது, கோயில் வழிபாடு உட்பட எல்லாக் கூட்டங்களும் தடைசெய்யப்பட்டன, எங்கள் பகுதியில் கடற்கரையும் ஆறுகளும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. சாவுக்கு மட்டும் 50 பேர் கூடலாம்.

டிசம்பர் 26 அன்று தாத்தாவுக்குக் காய்ச்சல். 29 அன்று மூச்சு வாங்க, மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன்பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அனுமதிப் படிவத்தில் பேத்தியின் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் எப்போதும் சார்ஜ் இருக்கும் போன் அவளுடையது, காரணம் அவ்வளவுதான். ஒரு செவிலியர் ஒருநாள் தன் கைபேசியைத் தாத்தாவின் காதருகே பிடித்து ஆயாவைப் பேசச் சொன்னார். அந்த மூன்று நிமிடத்தை ஆயா இன்றைக்கும் சொல்கிறார். ஜனவரி 5 விடியற்காலையில் வந்த அழைப்பையும் எடுத்தவள் பேத்திதான். "வீட்டில் பெரியவர் யாராவது இருக்கிறார்களா" என்று மறுமுனையில் கேட்கவில்லை. 16 வயதுப் பெண் அந்தச் செய்தியைத் தனியாகக் கேட்டாள், தனியாகச் சமையலறைக்கு நடந்து போனாள், ஆயாவிடம் என்ன மொழியில் சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

மகனுக்கு டிசம்பர் 30 அன்று காய்ச்சல் தொடங்கியிருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து பத்து நாள் தனிமை என்பது அப்போதைய விதி. தகனம் ஜனவரி 7. ஒரே மகனால் போக முடியவில்லை. தாத்தாவின் தம்பி மகன் கொள்ளி வைத்தார். பெட்டி திறக்கப்படவில்லை. மகன் படுக்கையறையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தார், பாதியில் இணைப்பு அறுந்தது. ஆயாவுக்கும் தொற்று இருந்தது, லேசாகத் தொண்டை வலித்ததோடு போனது. மருமகளுக்குச் சோதனையில் தொற்று என்று வந்தது, அறிகுறி ஒன்றும் இல்லை. பேத்திக்கு இல்லை. பேரனைச் சோதிக்கவே இல்லை.

ஜனவரி 13 அன்று பக்கத்து வீட்டு அம்மா என்னை அழைத்தார். "ஆயா சாப்பிடுவதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறார். ஒரு வார்த்தை பேசுங்கள்" என்றார்.

முதல் வாரமும் என் பிழைகளும்

ஆயாவுக்காகத்தான் கூப்பிட்டார்கள், ஆகவே ஆயாதான் நோயாளி என்று எடுத்துக்கொண்டேன். முதல் பிழை அது. பேரிடரில் உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி சுருக்கமானது: பார், கேள், இணை. நான் பார்க்காமலேயே கேட்கத் தொடங்கிவிட்டேன். தொலைபேசியில் ஆயாவிடம் "சாப்பிட வேண்டும் ஆயா, மருந்து சாப்பிடும் உடம்பு" என்றேன். "சரி கண்ணு" என்றார். அதற்குச் "சாப்பிட மாட்டேன்" என்று பொருள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது பிழை, மகனோடு பேசிய முதல் பேச்சிலேயே நடந்தது. "கிடங்கில் என் பக்கத்தில் நின்றவன் இருமினான். நான் வீட்டுக்கு வந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவசரப்பட்டு "இது உங்கள் தவறில்லை அண்ணா" என்றேன். "நீங்கள் அங்கே இல்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கேட்டு முடிக்கும் முன்னே கொடுக்கும் ஆறுதல் கதவைச் சாத்திவிடும். இத்தனை வருடம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை நானே மறந்தேன்.

மூன்றாவது பிழைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நேரம் ஒதுக்கவும் விவரம் கேட்கவும் நான் பேத்தியின் எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை அவள் மேல் ஏற்றிய சுமையை நானும் ஏற்றினேன். நான்காவது அழைப்பில் "அக்கா, இந்தப் போன் அடித்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது" என்றாள். அன்றே எண்ணை மாற்றினேன். அழைப்பொலியையும் மாற்றச் சொன்னேன். சின்ன விஷயம், ஆனால் அந்த ஒலியில்தான் தாத்தாவின் சாவு அவளுக்கு வந்தது.

16ஆம் தேதி நேரில் போனேன். முகக்கவசத்தோடு, பின்முற்றத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு. அப்போதுதான் பையனின் கைகளைப் பார்த்தேன். விரல் கணுக்களில் தோல் வெடித்து, மீன் செதிள் போல வெள்ளையாக உரிந்திருந்தது. இரண்டு இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. சானிடைசர் தீர்ந்ததும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவியிருக்கிறான். இருபது எண்ண வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இவன் இருபதை இரண்டு முறை எண்ணினான், நடுவில் யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கை கழுவுகிற குழந்தையை அந்த நாள்களில் யார் கண்டிப்பார்கள்?

அன்றைக்கு மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இரவு மூன்று மணிக்கு எழுந்து கைபேசியில் இரங்கல் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பதாகச் சொன்னார். ஊரில் அப்போது காலை எழுந்தால் வாட்ஸ்அப்பில் நான்கைந்து படங்கள், மாலை போட்டு. கை நடுங்கியது. மது விற்பனை நின்றிருந்த நேரம் என்பதால், குடியைத் திடீரென்று விட்டதால் வரும் நடுக்கமா என்று விசாரித்தேன். அவர் குடிப்பவர் அல்ல. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா" என்று நேராகவே கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் தயங்குகிறார்கள். விதைக்காது. கேட்காமல் விட்டால் அந்த எண்ணத்தோடு அவர் தனியாக இருப்பார். "அப்பாவுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. நானாகப் போக வேண்டும் என்று தோன்றவில்லை" என்றார். அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டேன். இருந்தாலும், அப்படித் தோன்றினால் எந்த நேரமும் யாரை எழுப்புவது என்று அவரும் தம்பி முறையானவரும் நானும் பேசி வைத்தோம். இரவில் அழைக்கத் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் இலவசத் தொலைபேசி எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது, அறிவிப்புகளைக் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு முறை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

சாம்பல்

ஆயா சாப்பிடாததற்குக் காரணம் பசியின்மை அல்ல. அதை அவர் தமிழில் சொன்ன அன்றுதான் புரிந்தது. அஸ்தி வீட்டுக்கு வந்துவிட்டது, கரைக்க முடியவில்லை. ஆறும் கடலும் மூடியிருக்கின்றன. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று மண்கலயத்தைத் துணியால் கட்டிச் சிரிங்கா மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். "அவர் வெளியே பசியோடு இருக்கிறார், நான் உள்ளே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்" என்றார் ஆயா. மனச்சோர்வுக் கேள்விப் பட்டியலில் "பசி குறைந்திருக்கிறதா" என்று ஒரு வரி உண்டு. அதில் "ஆம்" என்று நான் ஏற்கெனவே குறித்திருந்தேன். அந்தக் குறியால் இந்தக் கலயத்தைப் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து "சாப்பிடுங்கள்" என்று சொல்வதை நிறுத்தினேன். தாத்தாவுக்கு வைக்கும் தட்டோடு தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாமே என்றேன். இரண்டாம் நாள் பேரன் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தான். நான் சொல்லவில்லை.

ஜனவரி 20 பதினாறாம் நாள். குருக்கள் தொலைபேசியில் மந்திரம் சொல்ல, வீட்டாரோடு கருமாதி. கொள்ளி வைத்தது வேறொருவர் என்றாலும் மகனே செய்யலாம் என்று குருக்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் என்னுடைய ஒரு வாரப் பேச்சைவிட மகனுக்கு அதிகம் செய்தது. தலையை மழித்துக்கொண்டு வெளியே வந்தவர் அன்றிரவு ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். குடும்பத்துக்கு மனநல உதவி என்றால் மருத்துவச் சொற்களோடுதான் வர வேண்டும் என்பதில்லை; விட்டுப்போன கடமையைச் செய்துமுடிக்க வழி தேடிக்கொடுப்பதும் அந்த உதவிதான்.

ஐந்து குறிகள்

இதற்குள் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசியிருந்தேன். மகன் கிடங்கைச் சொன்னார். ஆயா முருங்கைக்கீரையைச் சொன்னார்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கிவரச் சொல்லித் தாத்தாவை அனுப்பியது அவர்தான். பேத்தி ஒரு தோழி வீட்டுக்கு யாருக்கும் சொல்லாமல் போய்வந்தாள். தோழியின் அண்ணன், கடற்கரை ஊரான பாலிட்டோவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் கூடிய கொண்டாட்டத்துக்குப் போனவன். அங்கே தொற்று பரவிய செய்தி டிசம்பரில் நாடு முழுவதும் பேசப்பட்டது. பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் தாத்தாவோடு சோஃபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்தபடி தூங்கிப்போனான். மருமகள் ஒரே வரியில் "நான் 24ஆம் தேதி வரைக்கும் கல்லாவில் இருந்தேன்" என்றார்.

எல்லோரிடமும் அனுமதி கேட்டேன், சொன்னதை எல்லோர் முன்னாலும் சொல்லத் தயாரா என்று. பேத்தி இரண்டு நாள் யோசித்தாள். ஜனவரி 24 ஞாயிற்றுக்கிழமை, மரத்தடியில் கூடினோம். பள்ளி நோட்டின் நடுத்தாளில் அவளையே டிசம்பர் மாத நாள்காட்டி வரையச் சொன்னேன். முதலில் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கிருமி உடம்பில் நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்தாறு நாள், சிலருக்குப் பதினான்கு நாள் வரை ஆகும். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றலாம். அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் தொற்றலாம். பிறகு, தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்த டிசம்பர் 26இலிருந்து பின்னால் எண்ணி, அவரவர் நாளில் அவரவர் பேனாவால் ஒரு புள்ளி.

ஐந்து புள்ளிகளும் அந்தப் பதினான்கு நாளுக்குள் விழுந்தன. யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இவர்களில் யாரும் இல்லாமலும் இருக்கலாம். தாத்தாவே பால் வாங்கப் போன நாள்கள் உண்டு. தெரிந்துகொள்ள வழியே இல்லை. "உங்கள் தவறில்லை" என்று நான் சொன்னபோது மகன் கேட்கவில்லை. தன் மகளும் மகனும் தன் அம்மாவும் அதே பழியைச் சுமந்துகொண்டிருப்பதைக் காதால் கேட்டபோது எழுந்து போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டார். "நீ தூங்கியதில் தாத்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார், தமிழில். அவர் தமிழில் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

நான் எதிர்பாராதது ஆயா சொன்னது. மேகசின் பாரக்ஸில் அவருக்கு அம்மை போட்டிருந்ததாம், ஏழெட்டு வயதில். வாசலில் இலை கட்டினார்கள், வெளியார் உள்ளே வரவில்லை, தனிப் பாய், தனித் தட்டு, தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரை அவர் அம்மாவைத் தவிர யாரும் தொடவில்லை. "எல்லாம் இந்தக் கொரோனாவுக்குச் செய்கிற மாதிரியேதான். ஆனால் யார் கொண்டுவந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்றார்கள். அவள் வந்தாள், போனாள். யார் மேலும் பழி இல்லை" என்றார். பேத்திக்கும் பேரனுக்கும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பேத்தி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

நம் முன்னோர் நோயைத் தெய்வமாக்கியதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. மருத்துவத்துக்குப் பதிலாக அதை வைத்தால் உயிர் போகும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோயாளியைத் தனிமைப்படுத்தும்போதே அவரை மதிக்கவும், தொற்றியவரைக் குற்றவாளியாக்காமல் இருக்கவும் அந்த மொழிக்குத் தெரிந்திருந்தது. 2020இல் நமக்குக் கிடைத்த மொழியில் தனிமை இருந்தது, தொடர்பு கண்டறிதல் இருந்தது, பழியிலிருந்து விடுவிக்கும் ஒரு சொல்லும் இல்லை.

பிறகு

28ஆம் தேதி தைப்பூசம். கோயில் மூடியிருந்தது. வருடந்தோறும் காவடி எடுக்கும் மகனுக்கு இது துக்க ஆண்டு, எப்படியும் எடுத்திருக்க மாட்டார். முற்றத்தில் விளக்கேற்றினார்கள். பிப்ரவரி 1 அன்று கடற்கரைகளும் ஆறுகளும் திறக்கப்பட்டன. அந்தச் சனிக்கிழமை உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் அஸ்தியைக் கரைத்தார்கள். பையனின் கைக்கு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். எண்ணாமல் கழுவப் பழக, முதலில் இருபதோடு நிறுத்துவது, பிறகு ஒரு பாட்டின் முதல் அடியோடு நிறுத்துவது என்று படிப்படியாகப் போனோம். ஆறு வாரம் பிடித்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மே 17 அன்று தடுப்பூசி தொடங்கியபோது, பேத்தி தன் கைபேசியில் ஆயாவைப் பதிவு செய்தாள். அந்தக் கைபேசியில் குறுஞ்செய்தி வருவது அவளுக்கு அப்போது பயமாக இல்லை.

மருமகளைப் பற்றி நான் எழுதியது எவ்வளவு குறைவு என்று இதுவரை படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். என் குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆயாவுக்கு ஒன்பது பக்கம், மகனுக்கு ஏழு, மருமகளுக்குப் பதினொரு வரி. தனிமை முடிந்ததும் வேலைக்குத் திரும்பியவர், சமைத்தவர், எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர். அவர் ஒரே வரியில் சொன்னதை நானும் ஒரே வரியாக எடுத்துக்கொண்டேன்.

மார்ச் மாத நடுவில் அவரே அழைத்தார். ஒரு வயதான மனிதர் முருங்கைக்கீரைக் கட்டைக் கல்லாவில் வைத்தாராம். விலைப் பட்டையைத் தேடிய கை நின்றுபோய், பின்னால் வரிசை நிற்க, மருமகளால் நகரவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "மாமாவுக்கு டிசம்பர் முழுக்க நான்தான் அந்தக் கல்லாவிலிருந்து வந்து சாப்பாடு போட்டேன் அக்கா. உங்கள் தாளில் ஒரு புள்ளிதான் வைக்கச் சொன்னீர்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் புள்ளி" என்றார்.

இப்போது வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து நேராக என் அறைக்கு வருகிறார். முதல் கால் மணி நேரம் நாங்கள் பேசுவதில்லை. காலணியைக் கழற்றிவிட்டு, எட்டு மணி நேரம் நின்ற கால்களை எதிர் நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருப்பார். தேநீரை நான் போடுகிறேன்.